செவியும் விரலும் படிக்கும் தமிழ்: மின்னுரை வடிவமைப்பில் பயனர் மைய அணுகுமுறை

ஆய்வுச்சுருக்கம்

அச்சு நூலைக் கண்ணால் படிக்க இயலாதோருக்கு மின்னுரையே முதன்மையான வாசிப்பு வாயில். தமிழில் மின்னுரைகள் பெருகியுள்ளன; எனினும் அவற்றுட் பல, பார்வையுள்ள வாசகரை மட்டுமே மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை. பயனர் மைய வடிவமைப்பு என்னும் துறை வகுத்துள்ள அணுகல்தன்மை, பயன்பாட்டுத்தன்மை ஆகிய கருத்தாக்கங்களை விளக்கி, அவற்றைத் தமிழ் எழுத்துமுறை, ஒலிப்புமுறை, பதிப்புமரபு ஆகியவற்றோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் மின்னுரையின் தரத்தைத் தொழில்நுட்பச் சோதனை மட்டும் உறுதிசெய்ய முடியாது. பார்வையற்ற ஆய்வாளரின் உண்மையான வாசிப்புப் பணிகளைக் கொண்டே அதனை அளவிட வேண்டும் என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பயனர் மைய வடிவமைப்பு, அணுகல்தன்மை, பயன்பாட்டுத்தன்மை, திரைவாசிப்பான், பிரெய்லி, ஒருங்குறி, பதிப்பியல்.

1. முன்னுரை

ஒரு நூலின் மின்வடிவம் என்பது ஒரு பொருள். நாற்காலி, பேருந்துப் படி, கைப்பேசி போல அதுவும் ஒருவரால் வடிவமைக்கப்பட்டுப் பிறரால் பயன்படுத்தப்படுவது. தட்டச்சு செய்பவர், மெய்ப்புத் திருத்துபவர், பதிப்பாசிரியர், இதழாசிரியர், ஆய்வேட்டை மின்படியாகச் சமர்ப்பிக்கும் மாணவர் ஆகிய அனைவரும் இவ்வகையில் வடிவமைப்பாளர்களே. தமக்கு அப்பெயர் உண்டு என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. அதனால் தம் படைப்பை யார், எந்தக் கருவியால், எந்தச் சூழலில் படிப்பர் என்னும் வினாவும் எழாமலே போகிறது.

இவ்வினா தமிழ்த்துறைகளுக்கு அந்நியமானதன்று. பார்வையற்ற மாணவர்கள் உயர்கல்வியில் தமிழ் இலக்கியத்தைத் தேர்ந்து பயில்வதும், பின்னர் ஆய்வாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் விளங்குவதும் நாம் நன்கறிந்தது. அவர்கள் பாடநூலைப் பிறர் படிக்கக் கேட்டும், ஒலிப்பதிவு செய்தும், பிரெய்லியில் எழுதியும் கற்று வந்தனர். கணினியும் திறன்பேசியும் வந்தபின் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் அவர்களுக்குத் தனித்து வாசிக்கும் உரிமையை வழங்கியது. அவ்வுரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மின்னுரையின் அமைப்பே தீர்மானிக்கிறது.

பார்வைக் குறைபாடு, கற்றல் குறைபாடு, கைகளை இயக்குவதில் இடர்ப்பாடு எனப் பயனர்கள் பல திறத்தினர். அவர்களுள் பேச்சொலி வழியாகவும் பிரெய்லி வழியாகவும் படிக்கும் பார்வையற்ற வாசகரை மட்டும் இக்கட்டுரை முன்வைக்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை நேரடியாகச் சோதிப்பது அவர்தம் வாசிப்பே என்பதால், தமிழியலுக்கு அது மிக நெருக்கமான களமாகும்.

2. கருத்தாக்கங்கள்

பயனர் மைய வடிவமைப்பின் அடிப்படை நெறிகளை ஜான் கூல்டு, கிளேட்டன் லூயிஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்றாகத் தொகுத்தனர். பயனரையும் அவர்தம் பணிகளையும் தொடக்கத்திலேயே நேரில் அறிதல், உண்மைப் பயனரைக் கொண்டு அளந்து பார்த்தல், அளவீட்டின் முடிவுக்கேற்ப மீண்டும் மீண்டும் திருத்துதல் என்பன அவை. இந்நெறிகள் பின்னர்ப் பன்னாட்டுத் தர அமைப்பின் ஆவணங்களில் இடம்பெற்றன. 1999இல் வெளியான ஐஎஸ்ஓ 13407 என்னும் தரம், 2010இல் ஐஎஸ்ஓ 9241-210 என மாற்றப்பட்டு, 2019இல் திருத்தம் பெற்றது.

பயன்பாட்டுத்தன்மையை ஐஎஸ்ஓ 9241-11 வரையறுக்கிறது. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கத்தை, குறிப்பிட்ட சூழலில், எந்த அளவு முழுமையாகவும் எந்த அளவு குறைந்த முயற்சியிலும் எந்த அளவு மனநிறைவோடும் அடைய முடிகிறது என்பதே அது. இவ்வரையறையில் ‘குறிப்பிட்ட’ என்னும் அடைமொழி மூன்று முறை வருவது கருதத்தக்கது. பொதுவாக நல்லது என ஒரு பொருளைச் சொல்ல இயலாது. யாருக்கு, எதற்கு, எங்கே என்னும் மூன்றும் தெரிந்தாலன்றி அதன் பயன்பாட்டுத்தன்மையைப் பேச முடியாது.

அணுகல்தன்மை, பல்வேறு திறன்களும் இயல்புகளும் கொண்ட மக்கள் அனைவரும் ஒரு பொருளைப் பயன்படுத்த இயல்வதைக் குறிக்கும். இணையத்தைப் பொறுத்தவரை, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 முதல் வெளியிட்டு வரும் இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுநெறிகள் இதற்கு அளவுகோலாக உள்ளன. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு, புலப்படுதல், இயக்க இயலுதல், புரிதல், பல கருவிகளிலும் நிலைத்து இயங்குதல் என்னும் நான்கு கொள்கைகளின் கீழ் விதிகளை அடுக்கியது.

இவ்விரு கருத்தாக்கங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. எனினும் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இதற்கு வலுவான சான்று யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் பெட்ரி முதலான ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு. பார்வையற்ற 32 பேர் 16 இணையதளங்களில் குறிப்பிட்ட பணிகளைச் செய்தபோது 1,383 இடர்ப்பாடுகள் பதிவாயின. அவற்றுள் 50.4 விழுக்காடு மட்டுமே வழிகாட்டுநெறிகளின் இரண்டாம் பதிப்பு கூறும் விதிகளுக்குள் அடங்கின. ஏறத்தாழப் பாதி இடர்ப்பாடுகள் எந்த விதியாலும் சுட்டப்படாதவை. விதிப்பட்டியலைச் சரிபார்ப்பது தேவையான முதற்படி. அது பயனரோடு அமர்ந்து பார்ப்பதற்கு மாற்றாகாது என்பதே இவ்வாய்வு தரும் பாடம்.

3. பார்பியேயும் பிரெய்லியும்: ஒரு வரலாற்றுச் சான்று

இத்துறைக்குப் பெயர் அமைவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அதன் உள்ளீட்டை விளக்கும் நிகழ்வு ஒன்று பாரிசில் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குப் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கிய வாலன்தேன் ஆயுய், ரோமன் எழுத்துகளைத் தாளில் புடைப்பாக அச்சிட்டு மாணவர்க்குக் கற்பித்தார். அவ்வெழுத்துகளை விரலால் படிக்க முடிந்தது. ஆனால் படிப்பு மெதுவாக நகர்ந்தது. மாணவர் தாமே அவ்வாறு எழுதவும் வழியில்லை. கண்ணுக்கென அமைந்த வரிவடிவத்தைத் தோலுக்கு மாற்றியதே அதன் குறை. இன்றைய சொல்லாட்சியில், அது அணுகக்கூடியதாக இருந்தது, பயன்படுத்தத்தக்கதாக அமையவில்லை.

அடுத்து, சார்லஸ் பார்பியே என்பவர் புள்ளிகளால் ஆன ஒரு முறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை அதில் இடமுண்டு. கோடுகளைவிடப் புள்ளிகளை விரல் எளிதில் உணரும் என்பதைக் காட்டியது அதன் பெருஞ்சிறப்பு. எனினும் பன்னிரு புள்ளிக் கட்டம் ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தது. மேலும் அம்முறை ஒலிகளைக் குறித்ததேயன்றி எழுத்துகளைக் குறிக்கவில்லை. அதனால் பிரெஞ்சு மொழியின் எழுத்துக்கூட்டலை மாணவர் கற்க இயலவில்லை, நிறுத்தக்குறிகளுக்கும் இடமில்லை.

அப்பள்ளி மாணவரான லூயி பிரெய்லி, 1824 அளவில், தம் பதினைந்தாம் வயதில், அக்கட்டத்தை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். ஒரே தொடுகையில் ஒரு குறியை உணர முடிந்தது. ஒலிக்கு மாறாக எழுத்துக்குக் குறி அமைத்ததால், பார்வையுள்ளோர் படிக்கும் அதே பனுவலைப் பார்வையற்றோரும் எழுத்துத் தவறாமல் படிக்க வழி பிறந்தது. 1829இல் அம்முறை நூலாக வெளிவந்தது. ஆறு புள்ளிகளால் வெற்றிடம் நீங்கலாக 63 சேர்க்கைகள் கிடைக்கும்.

மூன்று முயற்சிகளும் நல்லெண்ணத்தில் பிறந்தவை. முன்னிரண்டிலும் வடிவமைத்தவர் பயனருக்காக எண்ணினார். மூன்றாவதில் பயனரே எண்ணினார். ஒலியை மட்டும் தருவது ஒரு கல்விமானுக்குப் போதாது, எழுத்தும் வேண்டும் என்னும் பிரெய்லியின் முடிவு, கீழே காணவிருக்கும் தமிழ்ச் சிக்கலுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

4. எழுத்து வரிசையும் குறியேற்றமும்

தமிழில் உயிர்மெய் எழுதும் முறையில் கண்ணின் வரிசையும் ஒலியின் வரிசையும் வேறுபடும் இடங்கள் உண்டு. ‘கே’ என்பதில் ஒலி முறைப்படி ககர மெய் முன்னும் ஏகாரம் பின்னும் வருகின்றன. வரிவடிவத்தில் இரட்டைக் கொம்பு முன்னே நிற்கிறது. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் அமைகிறது. கையால் எழுதுவோர்க்கும் அச்சுக் கோப்போர்க்கும் கண்ணின் வரிசையே இயல்பு. பழைய தட்டச்சுப்பொறியிலும் கொம்பை முதலில் அடித்துப் பின்னரே மெய்யை அடித்தனர்.

இந்தியமொழிகளுக்கென 1951இல் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெய்லி, தமிழை ஒலியின் வரிசையில் எழுதுகிறது. மெய்க்குரிய குறியை அடுத்து உயிருக்குரிய குறி வரும். உயிரெழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் ஒரே புள்ளிச் சேர்க்கை. கொம்பும் காலும் அங்கு இல்லை. ஒருங்குறியும் இதே கொள்கையில்தான் தமிழைச் சேமிக்கிறது: திரையில் கொம்பு முன்னே தோன்றினாலும், கோப்பினுள் மெய்யை அடுத்தே உயிர்க்குறி நிற்கும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் உயிர், மெய் என ஒலி முறையிலேயே உள்ளிடச் செய்கிறது. உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரிதும் வலக்கைக்கும் என 31 விசைகளில் எழுத்துகள் அடங்குவதால், விசைகளைப் பார்க்காமல் தட்டச்சு செய்வோர்க்கு அது வசதியானது. பிரெய்லி, ஒருங்குறி, தமிழ்99 ஆகிய மூன்றும் ஒரே எழுத்திலக்கண அறிவின் மேல் நிற்கின்றன எனலாம்.

ஒருங்குறி பரவுவதற்கு முன் வழங்கிய எழுத்துருக்களின் நிலை வேறு. ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியிடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைப்பது அக்கால வழக்கம். சான்றாக, பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தோன்றும் சொல், கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே உள்ளது. கண்ணுக்கு அது தமிழ். திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துத் தொடர். இன்றும் சில அச்சகங்களிலும் இதழ்களிலும் இத்தகைய எழுத்துருக்கள் வழக்கில் உள்ளன. அவற்றில் உருவான பிடிஎஃப் கோப்புகள் அழகாகத் தோன்றினும், பார்வையற்ற வாசகருக்கு அவை மூடிய நூல்களே.

ஒருங்குறியில் அமைந்த கோப்புகளும் குறையற்றவை எனக் கொள்ள முடியாது. கண்ணை ஏமாற்றும் ஒப்புருவங்கள் தமிழில் பல. ‘ஔவை’ என்னும் பெயரை ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ‘ஒளவை’ எனத் தட்டச்சிட்டால் பார்வைக்கு வேறுபாடு தெரிவதில்லை. பேச்சொலி அதனை மூன்று குறில் நெடில்களாக ‘ஒ-ள-வை’ என்றே படிக்கும். ஔகார உயிர்க்குறிக்கு மாறாகக் கொம்பும் ளகரமும் இட்ட ‘கெளதமன்’ என்பதும் அவ்வாறே. துணைக்காலுக்குப் பதில் ரகரம், தமிழ் எண்ணான ஒன்றுக்குப் பதில் ககரம், இரண்டுக்குப் பதில் உகரம் என இப்பட்டியல் நீளும். பக்கங்களை எழுத்துணரி மென்பொருள் கொண்டு உரையாக மாற்றும்போது புள்ளி விடுபடுதல் முதலான பிழைகளும் சேர்கின்றன.

இப்பிழைகள் பார்வையற்றோரை மட்டும் தாக்குவன என்று கருதுவது பிழை. ‘ஒளவை’ எனத் தவறாக இட்ட மின்னுரையில் ‘ஔவை’ எனத் தேடினால் முடிவு கிடைக்காது; சொல்லடைவு தயாரிப்போர் ஒரு சொல்லை இரண்டாக எண்ணுவர்; அகரவரிசை குலையும். பார்வையுள்ள ஆய்வாளர் இதனை உணராமலே பிழையான எண்ணிக்கையை வெளியிடக்கூடும். திரைவாசிப்பான் பிழையாகப் படிக்கும் இடம் பெரும்பாலும் உரையே பிழையாக உள்ள இடமாகும். அணுகல்தன்மைக்கான சோதனை, பாடத்தூய்மைக்கான சோதனையும் ஆகிறது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்கத்தில் திஸ்கி குறியேற்றத்தில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கும் கொண்டுவந்தது. படமாக அன்றி உரையாக நூல்களை வழங்கிய அம்முடிவு, பார்வையற்ற வாசகருக்குச் சங்க இலக்கியம் முதல் தற்கால இலக்கியம் வரை எட்டச் செய்தது. அரிய நூல்களைப் பக்கப் படங்களாகப் பாதுகாக்கும் பணி இன்றியமையாதது. ஆனால் பாதுகாத்தலும் படிக்கச் செய்தலும் வெவ்வேறு பணிகள். முன்னது நிறைவேறியதால் பின்னதும் நிறைவேறிவிட்டதாக எண்ணலாகாது.

5. பேச்சொலியின் எல்லை

திரைவாசிப்பான் உரையைப் பேச்சொலியாக்கியின் வழியே ஒலிக்கச் செய்கிறது. தமிழ் எழுத்து பெரும்பாலும் எழுதியவாறே படிக்கப்படுவது என்னும் பொதுக் கருத்து இங்கு ஓரளவே உதவும். வல்லின எழுத்துகளின் ஒலிப்பு இடம்நோக்கி மாறுகிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் ஒலிப்பின்றியும், மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடனும், உயிர்களுக்கிடையே மென்மையாகவும் ககரம் ஒலிக்கும். இவ்விதிகளைப் பேச்சொலியாக்கியில் அமைத்துவிடலாம். ‘காந்தி’ போன்ற பிறமொழிப் பெயர்கள் விதியைக் கடந்து நிற்கும். அவற்றுக்குத் தனி அகராதி வேண்டும். ‘கி.பி.’, ‘ப.’, ‘மே.கு.நூ.’ போன்ற குறுக்கங்களையும், எண்ணோடு உருபு ஒட்டிய ‘1887இல்’ போன்ற வடிவங்களையும் இயல்பாகப் படிக்கச் செய்வது மேலும் நுணுக்கமான பணி.

இவற்றினும் ஆழமான சிக்கல், ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் அமைவது. இன்றைய பேச்சில் தந்நகரமும் றன்னகரமும் ஒலியால் வேறுபடுவதில்லை. ரகர றகர வேறுபாடும் பெரும்பாலான வட்டாரங்களில் தனிநிலையில் மறைந்துவிட்டது. பேச்சொலியாக்கிகளும் இவ்வழக்கையே பின்பற்றுகின்றன. ‘அரம்’, ‘அறம்’ ஆகியவற்றையோ ‘மரை’, ‘மறை’ ஆகியவற்றையோ செவியால் மட்டும் படிக்கும் ஒருவர், சூழலைக் கொண்டே உய்த்துணர வேண்டும். செய்தித்தாளுக்கு இது போதும். பாடவேறுபாட்டை ஆராய்வோர்க்கு, எதுகை மோனையை நோக்குவோர்க்கு, மெய்ப்புத் திருத்துவோர்க்கு இது போதாது. ஒலியைக் குறித்து எழுத்தை விட்ட பார்பியேயின் முறையில் நேர்ந்த இழப்பு இங்கு மீண்டும் நேர்கிறது.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. ஒன்று, எழுத்தெழுத்தாகப் படிக்கும்போது எழுத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லச் செய்தல். இதற்கான கலைச்சொற்களைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம், இடையின ரகரம், வல்லின றகரம் எனப் பள்ளிமரபு வழங்கிய பெயர்கள் காதால் கேட்டு எழுத்தை வேறுபடுத்துவதற்கென்றே அமைந்தவை. ஏடு கையில் இன்றி வாய்மொழியாகக் கற்பித்த காலத்தின் தேவையும் இன்றைய திரைவாசிப்பாளரின் தேவையும் ஒன்றே. மற்றொன்று பிரெய்லி. அதில் இவ்வெழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனிப் புள்ளிச் சேர்க்கைகள் உண்டு. கணினியோடு இணைந்து, புள்ளிகள் எழுந்து தாழும் பிரெய்லி காட்சிக் கருவியில் வரி வரியாகப் படிக்கலாம். அக்கருவியின் விலை அதிகமாதலால் அது தனியொருவர்க்கு எளிதில் எட்டுவதில்லை. துறை நூலகங்கள் வாங்கி வைப்பதற்குரியது. திரைவாசிப்பான் வந்தபின் பிரெய்லி தேவையில்லை என்னும் எண்ணம், குறைந்தபட்சம் தமிழாய்வைப் பொறுத்தவரை, ஏற்கத்தக்கதன்று.

6. பதிப்பு அமைப்பும் வாசகரும்

வாசகரை நோக்கிப் பனுவலின் தோற்றத்தை மாற்றியமைப்பது தமிழ்ப் பதிப்புமரபில் புதிதன்று. சுவடிகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படவில்லை. சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ந்தன. முன்பே பாடமறிந்தவரை வாசகராகக் கொண்ட வடிவம் அது. உ.வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணி முதலாக, அச்சுப் பதிப்புகள் முன்னுரை, குறிப்புரை, அடைவுகள் என வாசகருக்குத் துணைகளைப் பெருக்கின. 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் சந்தி பிரித்துப் பாடல்களை அச்சிட்டன. யாப்பமைதி தெரியாமல் போகும் என்னும் மறுப்பு ஒருபுறமிருக்க, புலமைப் பயிற்சியற்ற வாசகருக்கும் நூல் எட்ட வேண்டும் என்னும் தெளிவான வடிவமைப்பு முடிவு அதில் உள்ளது.

மின்னுரையில் இவ்வினா மீண்டும் எழுகிறது. பாடலைச் சீர் பிரித்து இட்டால், சீரின் எல்லை சொல்லின் நடுவே விழும் இடங்களில் பேச்சொலி பிழைபடும். ‘வேங்கடம்’ என்பது ‘வேங் கடம்’ என இடைவெளியுடன் நின்றால், பின்வரும் ககரத்தைச் சொல்முதல் எழுத்தாகக் கொண்டு கருவி ஒலிப்பின்றிப் படிக்கும். முன்னே நிற்கும் ‘வேங்’ தனிச்சொல்லாகும். சந்தி பிரிக்காமல் நீள்தொடராக இட்டாலோ, எங்கு நிறுத்துவது எனக் கருவிக்குத் தெரியாது. அச்சில் ஒரு வடிவத்தைத் தேர்ந்தால் மற்றொன்றை விட வேண்டும். மின்னுரைக்கு அக்கட்டாயம் இல்லை. சீர் பிரித்த வடிவம், சொல் பிரித்த வடிவம் ஆகிய இரண்டையும் ஒரே கோப்பில் அமைத்து, வாசகர் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளச் செய்யலாம்.

நூலின் உள்ளமைப்பும் இவ்வாறே. பார்வையுள்ள வாசகர் தடித்த எழுத்து, எண், இடைவெளி ஆகியவற்றைக் கண்டு ஒரு நொடியில் வேண்டிய பாடலுக்குச் செல்கிறார். திரைவாசிப்பானுக்குத் தடித்த எழுத்து தலைப்பாகாது. தலைப்பு எனக் குறியிட்டால்தான் அது தலைப்பு. குறுந்தொகையின் 401 பாடல்களும் தலைப்புக் குறியின்றி ஒரே தொடராக அமைந்த கோப்பில், 250ஆம் பாடலை அடைய வாசகர் தேடலை நம்ப வேண்டும். தேடலில் அதே எண் உரையிலும் அடிக்குறிப்பிலும் அகப்படும். குறியிட்ட கோப்பில் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்லலாம். பாடலிலிருந்து உரைக்கும், உரையிலிருந்து பாடவேறுபாட்டுக்கும், மீண்டும் விட்ட அடிக்கும் திரும்பும் இணைப்புகள் இல்லையெனில், அடிக்குறிப்பு என்பது வாசிப்பைக் குலைக்கும் இடையூறாகிவிடும். அச்சுப்பதிப்பின் பக்க எண் மின்னுரையில் காட்டப்படாவிடில், பார்வையற்ற ஆய்வாளர் தம் ஆய்வேட்டில் மேற்கோளுக்குப் பக்க எண் தர இயலாது. நூலை முழுதும் படித்திருந்தும், மேற்கோளிடும் உரிமைக்குப் பிறரை நாட வேண்டியவராகிறார்.

7. பயனரோடு ஆராயும் முறை

மேற்கூறியவை ஆய்வாளர் தம் அறிவால் ஊகிக்கத்தக்கவை. ஊகத்துக்கு எட்டாதவற்றைப் பயனர் ஆய்வே வெளிக்கொணரும். தமிழ்த்துறையில் மேற்கொள்ளத்தக்க முறை ஒன்று இங்கு முன்மொழியப்படுகிறது.

முதலில் பணிகளை வரையறுத்தல் வேண்டும். ‘இக்கோப்பு உங்களுக்கு வசதியாக உள்ளதா’ என வினவுவதால் பயன் குறைவு. மரியாதை கருதி ‘ஆம்’ என்னும் விடையே பெரிதும் வரும். குறிப்பிட்ட எண்ணுள்ள பாடலைக் கண்டடைதல், அதன் மூன்றாம் அடிக்குரிய உரையைப் படித்து அடிக்குத் திரும்புதல், பாடவேறுபாடு ஒன்றை எழுத்துப் பிழையின்றிக் குறித்தல், இரண்டு அடிகளைப் பக்க எண்ணோடு தம் கட்டுரையில் மேற்கோளாக இடுதல் என்பன போன்ற உண்மைப் பணிகளைத் தர வேண்டும்.

அடுத்தது அளவீடு. பணி பிறர் உதவியின்றி நிறைவேறியதா, எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை முறை வழி தவறியது, பயனர் எவ்வாறு உணர்ந்தார் என நான்கையும் பதிய வேண்டும். பங்கேற்பவர் தம் சொந்தக் கருவியில், தமக்குப் பழகிய வேகத்தில் படிக்க வேண்டும். தேர்ந்த திரைவாசிப்பாளர் கேட்கும் வேகம் பிறர்க்குச் சொல் விளங்காத அளவு மிகுதி. ஆய்வாளரின் வசதிக்காக அதனைக் குறைத்தால் சூழலே மாறிவிடும். பணி செய்யும்போதே எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லச் செய்யும் வழக்கமான முறையும் இங்குப் பொருந்தாது. கருவியின் பேச்சும் பயனரின் பேச்சும் மோதும். பணி முடிந்தபின் பதிவை மீளக் கேட்டு விளக்கச் செய்வதே தக்கது.

பங்கேற்போர் எண்ணிக்கை குறித்தும் தெளிவு வேண்டும். ஐந்து பேர் போதும் என்னும் கருத்து இத்துறையில் பரவலாக வழங்குகிறது. யாக்கப் நீல்சன், தாமஸ் லண்டவர் ஆகியோர் 1993இல் அளித்த கணக்கீடு அதன் அடிப்படை. ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காட்டுச் சிக்கல்களை வெளிக்கொணர்வார் எனக் கொண்டால், ஐவரால் ஏறத்தாழ 84 விழுக்காடு வெளிப்படும். பயனர்கள் ஒத்த தன்மையர் என்னும் எடுகோள் அதில் உள்ளது. பிறவியிலேயே பார்வையற்றுப் பிரெய்லியில் வளர்ந்தவர், கல்லூரிப் பருவத்தில் பார்வை இழந்தவர், திறன்பேசி மட்டும் பயன்படுத்துபவர், எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர் ஆகியோரின் வழிகள் வேறானவை. ஒவ்வொரு வகையினரிடமிருந்தும் சிலரேனும் இடம்பெற வேண்டும். ஒரே சோதனையோடு முடிக்காமல், திருத்தியபின் மீண்டும் சோதிப்பதே கூல்டும் லூயிசும் சொன்ன மூன்றாம் நெறி.

பயனரை ஆய்வுப் பொருளாக மட்டும் கருதாமல் ஆய்வுத் துணைவராக ஏற்பது இதனினும் மேலானது. உலகெங்கும் பயன்படும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானை 2006இல் உருவாக்கத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளரே. தமிழ்த்துறைகளில் தொல்காப்பியமும் நன்னூலும் கற்ற பார்வையற்ற அறிஞர்கள் உள்ளனர். ஒலிப்பு விதிகளைச் சீர்செய்யவும், எழுத்துப் பெயர்களை வரையறுக்கவும், மின்பதிப்பின் அமைப்பைத் திட்டமிடவும் அவர்களினும் தகுதியுடையார் அரியர்.

8. சட்டப் பின்புலம்

மின்னுரையை அணுகச் செய்தல் இன்று சட்டக் கடமையும் ஆகும். ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையை 2007இல் இந்தியா ஏற்றது. அதனையொட்டி இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தில் அணுகல்தன்மையை வலியுறுத்துகிறது. அச்சு நூல்களைப் படிக்க இயலாதோர்க்கு அணுகத்தக்க படிகளை உருவாக்குவதற்குப் பதிப்புரிமை தடையாகாதவாறு வழிவகுக்கும் மராக்கேஷ் ஒப்பந்தத்தை, 2014இல் முதல் நாடாக ஏற்புறுதி செய்ததும் இந்தியாவே. நூலின் பதிப்புரிமையைக் காரணம் காட்டிப் பார்வையற்ற மாணவருக்கு மின்படி மறுப்பதற்கு இனி நியாயமில்லை.

9. தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு தொகுக்கப்படுகின்றன.

அணுகல்தன்மையும் பயன்பாட்டுத்தன்மையும் இணைந்தே மின்னுரையின் தரத்தை அமைக்கின்றன. விதிப்பட்டியலைச் சரிபார்ப்பது முன்னதை ஓரளவு உறுதிசெய்யும். பின்னதைப் பயனரின் பணியைக் கொண்டே அறிய முடியும்.

தமிழ் மின்னுரையின் இடர்ப்பாடுகள் மூன்று தளங்களில் அமைகின்றன. குறியேற்றத் தளத்தில் பழைய எழுத்துருக்களும் ஒப்புருவப் பிழைகளும், ஒலிப்புத் தளத்தில் ஒருமித்து ஒலிக்கும் எழுத்துகளும், பதிப்புத் தளத்தில் தலைப்பு, இணைப்பு, பக்க எண் ஆகியவற்றின் இன்மையும் தடையாகின்றன. முதல் தளத்தைக் கணிப்பொறியாளர் தீர்க்கலாம். ஏனைய இரண்டும் தமிழறிஞரின் பங்களிப்பின்றித் தீரா.

பேச்சொலி வாசிப்பு விரைவைத் தருகிறது. பிரெய்லி எழுத்துத் தெளிவைத் தருகிறது. தமிழாய்வுக்கு இரண்டும் வேண்டும்.

இவற்றின் அடிப்படையில் உடனடியாகச் செய்யத்தக்கவை சில உள. ஆய்விதழ்களும் ஆய்வேடுகளும் ஒருங்குறியில், தலைப்புக் குறியீட்டுடன் மின்படியாகப் பெறப்படுதல் வேண்டும். மெய்ப்புத் திருத்தத்தின் இறுதிநிலையாகத் திரைவாசிப்பானில் ஒருமுறை கேட்டுப் பார்த்தல் வேண்டும். பாடத்திட்ட நூல்களின் மின்பதிப்பை ஏற்பதற்கு முன் பார்வையற்ற வாசகர் சிலரேனும் அதனைப் பணிகளின் வழியே சோதித்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் பெரும்பொருட்செலவை வேண்டுவதன்று. பணியின் தொடக்கத்திலேயே எண்ணிப்பார்ப்பதை மட்டுமே வேண்டுகிறது. முடிந்த நூலைப் பின்னர்த் திருத்துவதற்கு ஆகும் உழைப்பு அதனினும் பன்மடங்கு.

சுவடியிலிருந்து அச்சுக்கு நூல்கள் பெயர்ந்தபோது வாசகர் யார் என்னும் வினாவுக்குப் பதிப்பாசிரியர்கள் விடை தேடினர். அச்சிலிருந்து மின்வடிவுக்குப் பெயரும் இக்காலத்தில் அவ்வினாவுக்குரிய விடையில் செவியாலும் விரலாலும் படிப்போர் இடம்பெற வேண்டும். அவர்கள் வாசிக்க இயலாத பதிப்பு, எத்துணைப் புலமையோடு அமைந்திருப்பினும், முழுமையான பதிப்பு ஆகாது.